தேய்மானத்துக்கு ஒரே எண் போதாது: துணி வாங்கும் நிறுவனங்களின் தரப் பிரிவினருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து செய்யும் விஸ்கோஸ், மோடல், லியோசெல் துணிகளுக்கு நீங்கள் அனுப்பும் தரக்குறிப்பில் தேய்மானத்துக்கு ஒரே எண்தான் இருக்கிறது: மார்ட்டின்டேலில், அதாவது துணியை உரசிப் பார்க்கும் கருவியில், இத்தனை ஆயிரம் சுற்று. அது எட்டவில்லை என்றால் ‘ரெசினைக் கூட்டுங்கள்’ என்று, இழையைக் கட்டும் பதனிடு ரசாயனத்தைச் சொல்லி, பதில் வருகிறது. கூட்டினால் அந்த எண் இன்னும் இறங்கும்.

மார்ட்டின்டேலுக்கான ஐஎஸ்ஓ 12947 சோதனை 20 டிகிரியில், 65 சதவீத ஈரப்பதத்தில், உலர்ந்த துணியில் நடக்கிறது. உடைத் துணிக்கு அழுத்தம் 9 கிலோபாஸ்கல். ஆனால் இந்த இழைகள் அதிகம் அடிபடுவது தண்ணீரில். விஸ்கோஸ் நனைந்தால் அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகிறது. லியோசெல் நனைந்தாலும் வலிமையைப் பெரிதும் இழப்பதில்லை. ஆனால் அதன் நுண்ணிழைகளுக்கு இடையே பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு. சாயமேற்றும் ஜெட் மிஷினில் மடிப்பு உரசும் இடத்தில் அவை தோல் உரிவதுபோல் பிரிந்து நிற்கும். கருநீலத் துணியில் சாம்பல் பூத்த கோடாகத் தெரிவது அதுதான்; சாயம் போகவில்லை.

நுண்ணிழை பிரியும் இந்த இரண்டாவது நோய்க்குத்தான் ரெசின் மருந்து. செல்லுலோஸ் சங்கிலிகளைக் குறுக்கே கட்டி, இழை நீரில் ஊதுவதைக் குறைக்கிறது. ஆனால் கட்டுண்ட இழை வளைந்து கொடுக்காது, உலர்ந்த உரசலில் ஒடியும். போதாததற்கு, ரெசினை வேலை செய்யத் தூண்டச் சேர்க்கும் மெக்னீசியம் குளோரைடு கிளப்பும் அமிலம் சூட்டில் சங்கிலியையே வெட்டுகிறது.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. ரெசின் ஏறிய துணி பில்லிங் சோதனையில், அதாவது பிசிறு உருண்டை கட்டுகிறதா என்று பார்ப்பதில், 4ஆம் தரம் வாங்கும். உருண்டை கட்டுவதற்கு முன்பே பிசிறு ஒடிந்து விழுவதால் வரும் மதிப்பெண் அது. அதே துண்டை நிறுத்துப் பாருங்கள், எடை குறைந்திருக்கும்.

ஆகவே அளவும் முறையும்தான் விஷயம். லிட்டருக்கு 40 முதல் 50 கிராம் குறை-ஃபார்மால்டிஹைடு ரெசின், சுமார் 10 கிராம் மெக்னீசியம் குளோரைடு, இழைக்கு வழுக்கல் தரும் பாலிஎத்திலீன் எமல்ஷன் 20 முதல் 30 கிராம், அசிட்டிக் அமிலத்தால் பிஎச் 4 முதல் 5. எமல்ஷனைச் செலவு மிச்சத்துக்காக வெட்டாதீர்கள். உலர் தேய்மான எண்ணைத் தூக்குவது அதுதான். துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டரில் 110 முதல் 120 டிகிரியில் 6 முதல் 8 சதவீத ஈரம் மிஞ்சும்வரை உலர்த்தி, அதன்பின் 150 டிகிரியில் 3 நிமிடம் க்யூரிங், அதாவது ரெசினை இழையோடு பிணைக்கும் சூடேற்றல். 150 என்பது துணியின் சூடு, காற்றின் சூடல்ல. அவசரப்பட்டு ஒரே ஓட்டத்தில் உலர்த்தினால் தண்ணீரோடு ரெசினும் மேற்பரப்புக்கு ஓடிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை, ரெசின் கட்டிய இடத்தில் சரியாக ஏறாத டைரக்ட் சாயத்தில் நனைத்து நூலைப் பிரித்துப் பாருங்கள்: வெளியே வெளிறி உள்ளே கருத்திருந்தால் ரெசின் தோலோடு நின்றுவிட்டது என்று பொருள்.

நேரம் கொடுத்தால் வேறு வழியும் இருக்கிறது. ரெசின் ஏற்றிய விஸ்கோஸில் 10 முதல் 16 சதவீத ஈரத்தோடு, வலுவான அமில நிலையில், ரோலை பாலித்தீனில் சுற்றி 16 முதல் 24 மணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டு, பிறகு நடுநிலையாக்கி அலசுவது. இழை ஊதிய நிலையிலேயே குறுக்கிணைப்பு நடப்பதால் உலர்ந்த பின்னும் கொஞ்சம் நெளியும். ஓரம் காய்ந்தால் மட்டும் அமிலம் அங்கே செறிந்து கரை கிழியும்.

லியோசெல்லில் செல்லுலேஸ் என்சைம் (பிஎச் 4.5 முதல் 5.5, 50 முதல் 55 டிகிரி) முதலில் எழும் பிசிறை மழிக்கும்; பின் வீட்டுச் சலவையில் எழுவதைத் தடுக்காது. வேலை முடிந்ததும் 80 டிகிரிக்கு ஏற்றி அதைக் கொல்லாவிட்டால் கிடங்கிலும் துணியைத் தின்றுகொண்டிருக்கும்.

நாங்கள் கேட்பது இது. உலர் மார்ட்டின்டேலைச் சலவைக்கு முன்னும் ஐந்து சலவைக்குப் பின்னும் தனித்தனியாக எழுதுங்கள், எடை இழப்போடு சேர்த்து. ஈரத் தேய்மானத்துக்குப் பத்துச் சலவை கண்ட துணியின் மடிப்பை நுண்ணோக்கியில் பார்த்த படத்தைக் கேளுங்கள். கிழிவலிமைக்குக் கீழ்வரம்பு வையுங்கள். லியோசெல் என்றால் அது சாதா வகையா, இழை ஆலையிலேயே குறுக்கிணைத்த வகையா என்று ஆர்டரில் குறிப்பிடுங்கள். அப்படி இணைத்தவற்றில் சில சூடான அமிலத்தைத் தாங்காது, சில வலுவான காரத்தைத் தாங்காது; அது தெரியாமல் நாங்கள் சாயத் தொட்டியில் ஏற்ற முடியாது.

இப்படிக்கு,
துணி பதனிடும் தொழில்நுட்பப் பிரிவினர்