பல் விளக்கியாயிற்று என்கிறது செல்பேசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் இல்லங்கள் செல்பேசிச் செயலிகளுக்கு மாறிவருவதை வரவேற்றுத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேளை தவறாத மருந்து, ரத்த அழுத்தப் பதிவு, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அன்றாடம் போகும் தகவல் என்று அதில் சொல்லப்பட்ட நன்மைகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வாயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தாயாருக்கு வயது 83. மறதி நோய் முற்றியதால் கோவைக்கு அருகே ஒரு தனியார் இல்லத்தில் இருக்கிறார். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவருடைய சாப்பாடு திடீரென்று குறைந்தது. இட்லியை வாயில் வைத்துவிட்டு அப்படியே துப்பினார். ரத்தம் பார்த்தார்கள், வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், வேறு ஒருவருக்குப் பல் பார்க்க வந்திருந்த மருத்துவர் போகிற போக்கில் “ஆ காட்டுங்கம்மா” என்று விரலை விட்டு மேல் பல்செட்டைக் கழற்றினார். அப்போது எழுந்த நாற்றத்தில் அறையில் இருந்த எல்லோருமே ஓரடி பின்வாங்கினோம். அண்ணம் முழுக்கச் சிவந்து, ஆங்காங்கே தயிராடை போல வெள்ளை படிந்திருந்தது. பூஞ்சைத் தொற்று என்றார். அந்தப் பல்செட் எத்தனை வாரமாக வாயை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இல்லத்திலிருந்து என் செல்பேசிக்கு நாள்தோறும் வந்த அறிக்கைகளை அன்றிரவு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ‘வாய்ப் பராமரிப்பு’ என்பதற்கு நேரே ஒருநாள் விடாமல் பச்சை டிக். பணிப்பெண் பொய் சொல்லவில்லை. காலையில் டம்ளரில் தண்ணீர் கொடுத்து “கொப்புளிங்கம்மா” என்பாராம். அம்மாவும் கொப்புளித்துத் துப்புவாராம். இவர் திரையைத் தொடுவாராம். அது பொய்ப்பல் என்பதே அவருக்குத் தெரியாது. அம்மா அதைச் சொந்தக்காரர்களுக்குக்கூடக் காட்டிக்கொள்ளாதவர். சேர்க்கைப் படிவமோ சர்க்கரை உண்டா, வெங்காயம் பூண்டு சேர்ப்பாரா என்றெல்லாம் கேட்டதே ஒழிய, பல்செட் உண்டா என்று கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

இதை ஏதோ வாய்ப்புண் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு எச்சிலும் உணவும் புரையேறும்போது வாய்க்கிருமிகளும் சேர்ந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பணியாளர்கள் பல் விளக்கிவிட்டவர்களிடையே நிமோனியாவும் அதனால் நேரும் மரணமும் குறைந்திருந்தன. பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு என்று 85 வயதைக் கடந்தவர்களிடம் அங்கே நடத்திய இன்னோர் ஆய்வு 2015 இல் காட்டியது. பணக்கார நாடுகளிலும் நிலைமை மெச்சும்படி இல்லை. இங்கிலாந்தின் கண்காணிப்பு ஆணையம் 100 இல்லங்களைப் பார்வையிட்டு 2019 இல் தந்த அறிக்கையின்படி, பாதிக்கும் மேற்பட்டவற்றில் வாய் நலத்துக்கென்று எழுதிவைத்த கொள்கையே கிடையாது.

ஆகவே செயலி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது கேட்கும் கேள்வி மாற வேண்டும் என்கிறேன். ‘முடிந்ததா?’ என்று கேட்டால் ‘முடிந்தது’ என்றுதான் பதில் வரும். உதடு, நாக்கு, ஈறு, எச்சில், சொந்தப் பற்கள், பல்செட், வாயின் சுத்தம், வலி ஆகிய எட்டையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 (நலம்) முதல் 2 (மோசம்) வரை மதிப்பெண் போடும் ஒரு முறை ஆஸ்திரேலியாவில் சோதிக்கப்பட்டுப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பல் மருத்துவர் அல்லாத பணியாளரும் டார்ச் அடித்துப் பார்த்துச் சில நிமிடங்களில் இதைச் செய்துவிடலாம். இதைப் படத்தோடு தமிழில் செயலிக்குள் கொண்டுவந்து, வாரம் ஒருமுறை வாயின் உட்புறத்தைப் படமெடுத்து, மதிப்பெண் கூடினால் அந்தப் படம் தானாகவே ஒரு பல் மருத்துவரின் பார்வைக்குப் போகும்படி செய்வது இன்றைய செல்பேசிக்கு ஒரு பெரிய வேலையே அல்ல. சென்னை, கடலூர், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளின் பயிற்சி மருத்துவர்கள் இப்படங்களைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தால், படுக்கையில் கிடப்பவரைக் கார் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பாடு பாதியாவது மிச்சமாகும்.

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. ஜப்பான் அரசு 2021 முதல் பராமரிப்பு விவரங்களை ஒரு பொதுத் தரவுத்தளத்தில் திரட்டுகிறது. வாய் சுத்தம் குறித்த திட்டத்தையும் பதிவையும் அதற்கு அனுப்பிப் பயன்படுத்தும் இல்லங்களுக்குக் காப்பீட்டிலிருந்து கூடுதல் தொகை கிடைக்கிறது. நம் இல்லங்களிலோ பணிப்பெண்களுக்கு ஓட்டமும் நடையுமாகவே பொழுது போகிறது. வாய் திறக்க மறுக்கும் மூதாட்டிக்கு எதிரே நின்று போராடாமல், தலைமாட்டில் நின்று தாடையை மெல்லத் தாங்கிப் பல் விளக்குவது எப்படி, புரையேறாமல் ஒருக்களிக்கச் செய்வது எப்படி என்பதைப் பணிப்பெண்ணுக்கு அவருடைய மொழியிலேயே இரண்டு நிமிடக் காணொளியாகக் காட்டினால் பத்துப் பக்கக் கையேட்டைவிட உதவும். படங்கள் பணியாளரின் சொந்தச் செல்பேசியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ சுற்றக்கூடாது என்பதையும் இப்போதே விதியாக்கிவிட வேண்டும். பொக்கை வாயைப் பிறர் பார்ப்பதற்கு அம்மாவைப் போல் கூசுகிறவர்கள் ஏராளம்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் (2007), அரசு முதியோர் இல்லங்களின் தரத்தையும் மருத்துவச் சேவைகளையும் வகுக்கும் பொறுப்பை மாநில அரசுக்கே தந்திருக்கிறது. அந்தத் தர வரையறையில் வாய்ப் பரிசோதனை இடம்பெறட்டும். தனியார் இல்லங்களைப் பிறகு கேட்கலாம்.

அம்மா இருக்கும் இல்லத்தில் எங்கள் வேண்டுகோளின்படி அந்த ஒற்றை டிக்கை எடுத்துவிட்டு, ‘பல்செட் கழற்றப்பட்டதா, தேய்க்கப்பட்டதா, இரவு தண்ணீரில் போடப்பட்டதா’ என்று மூன்றாகப் பிரித்து, குறிப்பு எழுத ஓர் இடமும் விட்டிருக்கிறார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை அதில் முதன்முறையாகச் சிவப்புக் குறியைப் பார்த்தேன். ‘காலையில் அம்மா வாய் திறக்கவில்லை, கையைத் தட்டிவிட்டார். மதியம் காப்பி கொடுத்துப் பேசிக் கழற்றினேன்’ என்று அந்தப் பெண் எழுதியிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.