சும்மா விட்டால் ஒயின் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் பராமரிக்கும் திராட்சைத் தோட்டத்தில் இயற்கைச் சிவப்பு ஒயின் எப்படி உருவாகிறது என்று தங்கள் நாளிதழ் எழுதியிருந்தது. அதில் ‘எதையும் சேர்க்காமல், எதையும் செய்யாமல்’ என்றொரு வரி. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு. அதை நம்பி முயல்பவர்களின் தொட்டியில் கடைசியில் மிஞ்சுவது காடிதான். திராட்சைச் சாற்றைத் தன்போக்கில் விட்டால் அது ஒயினில் நிற்காமல் வினிகர்வரை போய்விடும். நடுவழியில் அதை நிறுத்திவைப்பது மனித வேலை. ஈஸ்ட் பொட்டலம், அமிலம், நொதி, சல்பைட் (கிருமிகளை அடக்கச் சேர்க்கும் கந்தக டையாக்சைடு) என எதுவும் கையில் இல்லாதபோது அந்த வேலை இன்னும் கூடுகிறது.

முதலில் அறுவடைத் தேதி. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால் அது ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். லிட்டருக்கு 220 கிராம் என்றால் 13 சதவீதம். பலரும் இந்தச் சர்க்கரை எண்ணை மட்டும் பார்த்துக் காத்திருக்கிறார்கள். பழம் பழுக்கப் பழுக்க அமிலம் குறைந்து பி.எச். (அமிலத்தன்மை குறையக் குறைய ஏறும் எண்) ஏறுவதைக் கவனிப்பதில்லை. 3.4-க்கும் 3.8-க்கும் இடையிலான வேறுபாடு எண்ணில் சிறியது, விளைவில் மிகப் பெரியது. கிருமிகளை அடக்கும் ஒரே அளவு பாதுகாப்புக்கு 3.4-இல் லிட்டருக்கு 32 மில்லிகிராம் தனிநிலை (மற்றப் பொருள்களோடு பிணையாத) கந்தக டையாக்சைடு போதும், 3.8-இல் 80 மில்லிகிராம் வரை வேண்டும். கந்தகமே சேர்க்கப்போவதில்லை என்று முடிவெடுத்தவர், 3.8 வரை பழுக்கவிட்டபின் வேறு எந்தத் தற்காப்பையும் எதிர்பார்க்க முடியாது. திராட்சையில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலத்தை வெளியிலிருந்து கலப்பதும் இம்முறைக்கு ஒவ்வாது. எனவே 3.4 முதல் 3.6-க்குள் பறித்துவிட வேண்டும். ஒரு சதவீத ஆல்கஹால் குறைந்தால் குறையட்டும்.

பறிப்பு கையால், விடியற்காலைக் குளிர்ச்சியில். அடிப் பழங்கள் நசுங்காத ஆழமற்ற பெட்டிகளில் சேர்ப்பது நல்லது. நசுங்கிய பழம் வெயிலில் அரை நாள் கிடந்தாலே, ஆல்கஹாலை வினிகராக்கும் அசிட்டிக் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். பூஞ்சணம் பிடித்த குலைகளையும், குளவியும் பறவையும் கொத்திய பழங்களையும் அங்கேயே கழித்துவிட வேண்டும். இன்னொன்று: சாம்பல் நோய்க்குத் தூவும் கந்தகத் தூளை அறுவடைக்குப் பல வாரங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். தோலில் ஒட்டிய கந்தகம் நொதித்தலில் ஹைட்ரஜன் சல்பைடாகி, அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும்.

‘தோலில் உள்ள ஈஸ்ட் தானாக நொதிக்கவைக்கும்’ என்பதும் பாதி உண்மைதான். தோலில் மிகுதியாக இருப்பவை ஹான்சேனியாஸ்போரா போன்ற ஈஸ்ட்கள். தொடங்கிவைப்பவை அவையே. ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை நெருங்கும்போது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சர்க்கரையைக் கடைசிவரை தின்று முடிப்பது சாக்கரோமைசஸ் செரவிசியே. அது தோலில் அரிது. பழைய நிலவறைகளின் தொட்டி, பிழிபொறி, மரச்சந்துகளில்தான் குடியிருக்கும். நெடுங்காலமாக ஒயின் செய்யும் குடும்பத்துக்கு எளிதாக வருவது புதிய கட்டடத்தில் வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அதனால், பாலுக்குத் தயிர் உறை ஊற்றுவதுபோல, நொதிக்கும் சாற்றை உறையாக முன்பே தயாரித்துக்கொள்வதே பாதுகாப்பு. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு நல்ல குலைகளாகப் பத்து இருபது கிலோ பறித்து, சிறு சிறு கலன்களில் தனித்தனியே நசுக்கி, 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வையுங்கள். நான்கைந்து நாளில் பொங்கும்போது ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். நகப்பூச்சு நீக்கியின் வாடை வந்தாலோ புளித்த நெடி வந்தாலோ அந்தக் கலனைக் கொட்டிவிட வேண்டும், மனமிரங்கக் கூடாது. சுத்தமான பழவாசனை உள்ளதை மட்டும் பெருந்தொட்டியில் 2 முதல் 5 சதவீதம் சேர்த்தால் போதும்.

இனி தொட்டி. எழும் கரியமில வாயு தோல்களை மேலே தள்ளி, கெட்டியான அடுக்காகக் கட்டும். நிறமும் துவர்ப்பும் அந்த அடுக்கிலிருந்தே இறங்க வேண்டும். ஆபத்தும் அங்கேதான். மேற்பரப்பு உலர்ந்து காற்றுப் பட்டால் அசிட்டிக் பாக்டீரியா பெருகும். ஆகவே நாளுக்கு இரண்டு மூன்று முறை அடுக்கை அமுக்கி நனைக்க வேண்டும். நொதித்தல் அடங்கும் நாட்களில் ஒருமுறை போதும். கடைசிவரை பலமாகக் குத்தினால் விதையின் கசப்புத் துவர்ப்பு இறங்கிவிடும். வெப்பமானியைச் சாற்றில் மட்டும் விட்டுப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். தோலடுக்கு சாற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். 25 முதல் 30 டிகிரி நல்லது. 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் செத்து, நொதித்தல் பாதியில் நின்றுவிடும். ஆயிரம் லிட்டர் அளவிலான சிறு தொட்டி பெரும்பாலும் தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளும். குடும்ப அளவிலான தயாரிப்புக்கு இது ஒரு பெரும் அனுகூலம்.

சாற்றின் அடர்த்தியை (தண்ணீர் 1 என்ற கணக்கில்; சர்க்கரை தீரத் தீரக் குறையும்) தினமும் குறித்துவைக்க வேண்டும். 1.095-இல் தொடங்கியது 0.995-க்கோ அதற்கும் கீழோ இறங்க வேண்டும். 1.010-இல் இரண்டு நாள் அசையாமல் நின்றால் காரணம் மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்: சூடு மிஞ்சியது, சர்க்கரை அதிகம், அல்லது சாற்றில் நைட்ரஜன் குறைவு. மூன்றாவதைத் தொட்டியில் சரிசெய்ய இம்முறையில் வழியில்லை. கொடிகளுக்கிடையே புல்லை அடர்த்தியாக வளரவிட்டு மண் நைட்ரஜனை இழந்ததை அந்த வருடம் திருத்த முடியாது. நின்றுபோன தொட்டியை வெதுவெதுப்பாக்கி, நன்றாகப் பொங்கிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியின் சாற்றைக் கலப்பதே உடனடி வழி. தாமதித்தால் மிச்சச் சர்க்கரையை லாக்டிக் பாக்டீரியா எடுத்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாக்கும். சிவப்பு ஒயினில் அது லிட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சாதாரணமாக விற்பனைக்குத் தகுதியில்லை.

கட்டுரை தொடாமல் விட்ட ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நொதிக்கும் அறையில் கரியமில வாயு தரையோடு தேங்கும். மெழுகுவர்த்தி அணைகிறதா என்று பார்ப்பது போதாது, சுடர் எரியும்போதே காற்று ஆளை வீழ்த்தும் அளவை எட்டியிருக்கலாம். கதவு, விசிறி, வெளியே ஒரு துணை ஆள் இல்லாமல் தொட்டிக்குள் தலையை நீட்டவே கூடாது.

பிழிந்த பிறகு இரண்டாவது மாற்றம்: ஈனோகாக்கஸ் பாக்டீரியா புளிப்பு மிகுந்த மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்கும். 18 முதல் 22 டிகிரியில் அது வேகமாக முடியும். முடியும்வரை பீப்பாய் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். மரத்தின் வழியே ஆவியாகும் அளவை வாரம் ஒருமுறை அதே ஒயினால் நிரப்புங்கள். முதல் நொதித்தல் முடிந்து இரண்டாவது தொடங்காத இடைவெளியில் பிரெட்டனோமைசஸ் என்ற, ஒயினைக் கெடுக்கும் ஈஸ்ட் எளிதாக நுழைந்து குதிரை லாய வாடையைக் கொண்டுவரும். அதைத் ‘தோட்டத்தின் மண் வாசம்’ என்று புகழ்வதை ஏற்க முடியாது. அது ஒரு கிருமியின் வாடை.

சல்பைட் பற்றி. ‘துளியும் இல்லை’ என்று எழுதியது பிழை. ஈஸ்ட் தானே லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும் உண்டாக்கும். அந்த அளவைத் தாண்டினால் ஐரோப்பாவில் ‘சல்பைட் உள்ளது’ என்று புட்டியில் அச்சிட வேண்டும். அந்த வரியைக் கண்டதும் தயாரிப்பாளர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டக் கூடாது. பிரான்சில் 2020-இல் அங்கீகாரம் பெற்ற ‘வான் மெத்தோட் நாத்யூர்’ (இயற்கை முறை ஒயின்) முத்திரை, நொதித்தல் முடிந்தபின் சிறிதளவு சேர்ப்பதை அனுமதிக்கிறது. மொத்தம் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். ஒப்பிட, வழக்கமான உலர் சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு 150 மில்லிகிராம். பி.எச். உயர்ந்த ஒரு தொட்டிக்கு அந்தச் சிறிதளவைச் சேர்ப்பவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். பிடிவாதத்தால் ஒரு வருட உழைப்பைக் கெடுப்பதைவிட அது நேர்மையானது. ‘தலைவலி வராது’ என்ற உறுதிமொழியும் வேண்டாம். தலைவலிக்கு ஆல்கஹாலே போதும். கட்டுப்பாடற்ற பாக்டீரியா நொதித்தலில் ஹிஸ்டமின் (சிலருக்குத் தலைவலி தரக்கூடிய பொருள்) கூடவும் வாய்ப்புண்டு.

சல்பைட் இல்லாத ஒயினின் தனிநோய் எலி வாடை. முகர்ந்தால் தெரியாது. ஒயினின் அமிலத்தில் அடங்கியிருந்து, விழுங்கியபின் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும்போது, பத்து இருபது நொடி கழித்து அடிநாக்கில் எழும். சிலருக்கு அது தெரிவதே இல்லை. எனவே புட்டியில் அடைக்குமுன் ஒருவர் மட்டும் சுவைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒயினில் சிட்டிகை சமையல் சோடாவைக் கரைத்து முகர்ந்தால் வாடை உடனே வெளிப்படும். லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டனோமைசஸும்தான் காரணம். காற்றுப் பட்டால் கூடும். அதனால் புட்டியில் அடைக்கும் நாளில் குழாயில் காற்றுக் குமிழி புகாமல் பார்ப்பது மிக முக்கியம்.

வாங்குபவர் 15 டிகிரிக்குக் கீழே, இருட்டில் வைக்க வேண்டும். வடிகட்டாத ஒயினில் வண்டல் படியும், குடிக்கும் முந்தைய நாள் நிமிர்த்தி வையுங்கள். திறந்ததும் நாக்கில் சுருக்கென்று கரியமில வாயு தெரிந்தால் அகன்ற குவளையில் ஊற்றிச் சுழற்றினால் போய்விடும். திறந்த புட்டியை இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

‘எதையும் செய்யாமல்’, ‘துளியும் சல்பைட் இல்லை’, ‘தலைவலி வராது’ ஆகிய மூன்று வரிகளுக்கும் தங்கள் நாளிதழ் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒயின் தயாரிப்புத் துறை வாசகர்கள்