ஒட்டமாட்டார்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

சென்ற வாரம் துவாஸில் எங்கள் கிடங்குக்கு மேற்பார்வையாளர் எடுக்க நேர்முகத் தேர்வு நடந்தது. கேள்வி கேட்ட மூவரில் நானும் ஒருவன். முதலில் வந்த இளைஞர் கதவைத் திறந்ததுமே அறை கலகலத்தது. காற்பந்து, காத்தோங் லக்சா என்று நாற்பது நிமிடம் பேச்சு ஓடியது. சரக்கைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம்.

அடுத்தவருக்கு நம் வயது. மேசையைப் பார்த்தே பேசினார். ஏற்றுமதி வாசலில் தினமும் நெரிசல் என்று நான் சொன்னதும் சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தார். அதன் பின்புறத்தில் கோடு போட்டு, வேகமாகப் போகும் சரக்கு எந்த அடுக்கில் இருக்க வேண்டும், எந்த அடுக்கை நகர்த்த வேண்டும் என்று காட்டினார். ஆறு மாதமாக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம்! கால் மணி நேரத்தில் அவரை அனுப்பிவிட்டோம்.

“நம் ஆட்களோடு ஒட்டமாட்டார்” என்றார் மேலாளர். நானும் தலையாட்டினேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

2025 ஜனவரியில் நம் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியதே, ஒருவரை ஒதுக்கக் கூடாத காரணங்களாக அதில் வயது, இனம், சமயம், மொழி எல்லாம் இருக்கின்றன. ‘ஆளைப் பிடிக்கவில்லை’ என்பது இல்லை. வயதாகிவிட்டது என்று சொல்ல வாய் கூசும். ஒட்டமாட்டார் என்று சொல்ல யாருக்குக் கூசுகிறது? அந்தச் சொல்லுக்குள் வயதும் ஒளிந்துகொள்ளும், மொழியும் ஒளிந்துகொள்ளும்.

சிடுமூஞ்சியை வேலைக்கு வை என்று நான் சொல்லவில்லை. ஆட்களை அரவணைத்து வேலை வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதை அந்த அறையில் நாங்கள் கேட்கவே இல்லையே! ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதோடு, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் தேர்வு 0.51 அளவுக்குப் பொருந்தியதாம் (முழுப் பொருத்தம் என்றால் 1). மனம்போன போக்கில் பேசுவது 0.38தான்.

நீ மட்டும் என்ன, கப்பல் பட்டறையில் உன்னை எடுத்தது நீ பாடிய பாட்டுக்காகத்தானே! ஆனால் அன்று வரிசையில் உனக்குப் பின்னால் நின்றவர் என்ன ஆனார் என்று நாம் ஒருநாளும் பேசியதில்லை.

இருவரையும் மீண்டும் அழைத்து ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று மேலாளருக்கு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ரசீது என் மேசையில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை தேக்காவுக்கு வா.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரன்