புறநகர் வீடுகளுக்கு நம்பகமான, பாதுகாப்பான தண்ணீர் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மேடவாக்கம்–மாம்பாக்கம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளின் பொதுமக்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
செங்கல்பட்டு.

பொருள்: குழாய்க் குடிநீர் இணைப்புக்குக் காலவரையறை நிர்ணயித்தல், அதுவரை லாரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அரசின் சோதனைக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேடவாக்கத்திலிருந்து மாம்பாக்கம் செல்லும் சாலையின் இருபுறமும் வயல்களும் தோப்புகளும் மனைகளாக மாறி, தனி வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கிவிட்ட பகுதியில் வசிக்கும் நாங்கள், எங்கள் வீடுகளுக்கு வரும் தண்ணீரின் நிலையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர இம்மனுவை அளிக்கிறோம். பணம் கொடுத்தால் எங்களுக்கு லாரி வருகிறது, கேன் வருகிறது, ஆண்டில் சில மாதங்கள் போரிலும் (ஆழ்துளைக் கிணற்றிலும்) தண்ணீர் ஏறுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே எடுக்கப்பட்டது, அதை யார் சோதித்தார்கள், நாளைக்கும் வருமா, வந்தால் என்ன விலை என்று கேட்டால் எங்களிடமோ, அதை விற்பவரிடமோ, ஊராட்சியிடமோ பதில் இல்லை. அந்தப் பதிலைச் சொல்லும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறோம்.

எங்கள் பகுதி கருங்கல் பாறையின் மேல் அமைந்தது. பாறையின் வெடிப்புகளில் தேங்கும் நீரைத்தான் ஆழ்துளைக் கிணறுகள் எடுக்கின்றன; ஆகவே பக்கத்து வீட்டில் தண்ணீர் இருக்க, அடுத்த வீட்டில் பல நூறு அடி தோண்டியும் புழுதியே வருவது இங்கே வழக்கம். பங்குனி பிறந்ததும் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்குகிறது. அப்போது வரும் கொஞ்சம் தண்ணீரும் உப்பும் இரும்பும் மிகுந்து, வாளியிலும் குளியலறைத் தரையிலும் செம்மஞ்சள் கறையாகப் படிகிறது. கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் தடித்துக் கிடக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் 2,000 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. கோடையில் அந்த மேல் வரம்பையும் கடக்கும் போர்கள் எங்கள் தெருக்களில் உண்டு.

உப்பைவிட எங்களை அஞ்சவைப்பது கண்ணுக்குத் தெரியாத மாசு. இங்கே பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டிதான். மனைகளில் பெரும்பாலானவை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது அடி உள்ள ஒரு மனையில் முன்பக்கம் போரும் பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டியும் அமைந்தால் இரண்டுக்கும் இடையே நாற்பது அடிகூடக் கிடைப்பதில்லை. தன் வீட்டுத் தொட்டியைத் தள்ளி வைத்தவருக்கும் பின்வீட்டுக்காரரின் தொட்டி மதிலை ஒட்டி வந்துவிடுகிறது. இது எந்த ஒரு குடும்பத்தின் குற்றமும் அன்று. குழாயும் சாக்கடையும் வருமுன் மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரப்பட்டதன் விளைவு. நூறு மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை என்னும் குடல் கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது தரநிலை. எங்கள் கிணறுகளில் அது இருக்கிறதா இல்லையா என்பதை யாரும் வந்து பார்த்ததில்லை.

போர் கைவிட்டதும் லாரியைத்தான் நாடுகிறோம். சுற்றுக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்தும் தனியார் போர்களிலிருந்தும் நிரப்பப்படும் இந்த லாரிகள், முன்பதிவு செய்து காத்திருந்தாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வருகின்றன. ஓட்டுநர் ரப்பர் குழாயை இழுத்து வருகிறார். அதன் முனை தெருப் புழுதியிலும் மழைக்காலச் சேற்றிலும் புரண்டு, கழுவப்படாமல் அப்படியே எங்கள் தரைமட்டத் தொட்டிக்குள் இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் வாடையே இருப்பதில்லை. கிருமிநீக்கம் செய்த நீர் வீட்டுக் குழாயை அடையும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்னும் விதி, லாரித் தண்ணீரைப் பொறுத்தவரை ஏட்டளவில்கூட இல்லை. விலையும் அப்படித்தான்: மழைக்காலத்தில் ஒன்று, சித்திரையில் ஒன்று, தட்டுப்பாடு முற்றினால் கேட்டதே விலை. வாடகை வீட்டில் இருப்போருக்கு இந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தின் வழியாகச் சத்தமில்லாமல் ஏறுகிறது.

குடிப்பதற்குக் கேன் வாங்கிக்கொள்ளலாம், வீட்டில் ஆர்.ஓ. கருவி பொருத்திக்கொள்ளலாம் என்று எங்களிடம் சொல்லப்படுகிறது. ஆர்.ஓ. கருவி ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான நீரை வெளியே தள்ளுகிறது என்பதையும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரும் அரிசி களையும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் அந்தக் கருவி வழியே வருவதில்லை என்பதையும் தாங்கள் அறிவீர்கள். நல்ல தண்ணீர் என்பதை வசதி உள்ளவர் வாங்கிக்கொள்ளும் சரக்காக அரசு விட்டுவிடலாகாது. தூய நீரும் தூய காற்றும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுபாஷ் குமார் வழக்கில் கூறியிருக்கிறது.

எங்கள் நிலை இவ்வளவு சிக்கலாவதற்கு ஒரு நிர்வாகக் காரணம் இருப்பதாக நாங்கள் கருதுகிறோம். சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவடைந்தபோதும், 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும், எங்கள் பகுதி ஊராட்சியாகவே நீடித்தது. ஊரகக் குடும்பங்களுக்கான ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. பாதாளச் சாக்கடையுள்ள நகரங்களுக்கோ 135 லிட்டர் என்பது மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் அளவுகோல். நாங்கள் நகரத்து வாடகையும் நகரத்து நெரிசலும் கொண்டு, ஐந்து மாடிக் கட்டடங்களில் வாழ்கிறோம். தண்ணீர்க் கணக்கில் மட்டும் கிராமத்தார். ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் சில ஆழ்துளைக் கிணறுகளும் கொண்டு ஊராட்சி இத்தனை வீடுகளுக்கு நீர் தர முடியாது என்பதை அதன் பணியாளர்களே எங்களிடம் வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வது எங்கள் நோக்கம் அன்று.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதை நாடே பார்த்தது. அந்த நீர் கீழ்ப்பாக்கம் நிலையத்தின் வழியாக நகரக் குழாய்களுக்குள் சென்றது. குழாயே இல்லாத எங்களுக்கு அது செய்தியாக மட்டுமே வந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இரண்டாம் நிலையத்தில் 15 கோடி லிட்டரும் கடல்நீரிலிருந்து குடிநீராக்கும் திறன் உள்ளது. பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுள்ள நிலையமும் திட்டமிடப்பட்டுப் பணிகள் தொடங்கின. இந்த ஆலைகள் எங்கள் வீடுகளிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தென்புறநகருக்கென எடுக்கப்படும் நீரில் எங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு பங்கு, எந்த ஆண்டில், எந்தச் சாலை வழியே பிரதானக் குழாய் வரும் என்பதைச் சென்னைக் குடிநீர் வாரியத்திடமும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திடமும் எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, ஊராட்சி அலுவலகப் பலகையில் மக்கள் படிக்கும்படி ஒட்ட ஆவன செய்யுமாறு முதலாவதாகக் கேட்டுக்கொள்கிறோம்.

குழாய் வரும்வரை லாரிகளை நிறுத்திவிடுமாறு நாங்கள் கோரவில்லை. அவை ஒரு வாரம் நின்றால் எங்கள் வீடுகளில் உலை வைக்க முடியாது. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது; நிலத்தடி நீரை எடுத்து வாகனத்தில் கொண்டுசெல்ல உரிமம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அச்சட்டத்தின் கீழ், லாரிகள் நீர் நிரப்பும் கிணறுகளையும் போர்களையும் கணக்கெடுத்து, சோதனையில் தேறியவற்றுக்கு மட்டும் அனுமதி தந்து, அங்கேயே குளோரின் கலக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். ஒவ்வொரு லாரியும் எந்த இடத்து நீரை ஏற்றியது, அது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்ற சீட்டை வாங்குபவரிடம் தர வேண்டும். ஒரு லாரிக்கான உச்ச விலையையும் தாங்கள் அறிவிக்க வேண்டும். எந்தக் கிராமத்தின் கிணறு எங்களுக்காக இறைக்கப்படுகிறதோ, அந்தக் கிராமத்தாரின் பயிரும் குடியும் வற்றிவிடாதபடி எடுக்கும் அளவுக்கு வரம்பு விதிப்பதும் இதில் அடங்க வேண்டும். அவர்கள் நிலத்தைக் காயவைத்து எங்கள் தொட்டி நிறைவதை நாங்கள் விரும்பவில்லை.

ஊராட்சி வழங்கும் நீரையும், தெருவுக்குச் சில வீட்டுப் போர்களின் நீரையும் கோடை தொடங்குமுன் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணமின்றிச் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். மழை வெள்ளம் வடிந்த வாரங்களில்தான் கழிவுநீர் கிணறுகளில் கலக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், இரண்டாவது சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், அரசன்கழனி ஏரிகளில் வீட்டுக் கழிவுநீர் சேராமல் தடுத்து, வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரினால் எங்கள் போர்களுக்கு அதைவிட நல்ல ஊற்று வேறில்லை. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிகளின் நீர் சுத்திகரிக்கப்பட்டு சென்னைக்கு வழங்கப்பட்டதுபோல, எங்கள் சுற்றுவட்டாரத்தில் கைவிடப்பட்ட குவாரிகளின் நீரும் பயன்படுமா என்பதைப் பொறியாளர்களைக் கொண்டு ஆராயலாம்.

இக்கோரிக்கைகள் குறித்து வருவாய், ஊரக வளர்ச்சி, குடிநீர் வாரிய அலுவலர்கள் அனைவரும் ஒருசேர எங்கள் தெருக்களுக்கு நேரில் வந்து பார்வையிட ஒரு நாளைக் குறிக்குமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அலுவலர்கள் வரும் நாளில் எங்கள் தொட்டிகளையும் போர்களையும் திறந்து காட்டவும், மாதிரி எடுக்க உதவவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட குடியிருப்புகளின் பொதுமக்கள்

இணைப்பு: குடும்பத் தலைவர்களின் கையொப்பத் தாள்கள்.