மொத்தத் தொகையை நம்பி முடிவெடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

'பெரிய கம்பெனியா, சின்னக் கம்பெனியா' என்ற கட்டுரை, இரண்டு இடத்துச் சம்பளத்தையும் அருகருகே வைத்ததோடு நின்றுவிட்டது. பெரிய நிறுவனம் கூடுதலாகத் தருவது உண்மைதான். படிப்பு, அனுபவம், வேலைச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மிஞ்சுகிறது என்று அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 1989-இல் பொருளாதார அறிஞர்கள் சார்லஸ் பிரவுனும் ஜேம்ஸ் மெடாஃபும் காட்டினார்கள். ஆனால் பெரிய இடங்களில் வேலையின் இறுக்கமான கட்டுப்பாடுகள் திருப்தியைக் குறைக்கின்றன என்று அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு சொன்னது. கட்டுரையில் இது வரவில்லை.

ஆஃபர் லெட்டரில் உள்ள மொத்தத் தொகையில் இலக்கை எட்டினால் மட்டுமே வரும் ஊக்கத்தொகையும் பல நேரம் சேர்ந்திருக்கும். முதலில் அதைக் கழியுங்கள். மிச்சத்தை, பயணத்தையும் சேர்த்த வார மணிநேரத்தால் வகுங்கள். ஒப்பிட எளிதாக, பெரிய இடத்தின் மொத்தத் தொகையை 100 என்று வைப்போம்; அதில் 10 ஊக்கத்தொகை, வாரம் 55 மணி என்றால் 1.64 வரும். சின்ன இடத்தில் ஊக்கத்தொகை இல்லாமல் 80, வாரம் 45 மணி என்றால் 1.78. சின்ன இடம் ஜெயித்ததாகத் தோன்றும். ஆனால் ஓவர்டைம் தராமல் சனிக்கிழமையும் வரச் சொல்லி 52 மணியாக்கினால் 1.54-க்கு இறங்கிவிடும். அதனால் சேரும் முன் வேலை நேரத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

சின்ன நிறுவன முதலாளிகள் தொகையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆட்கள் கிளம்புவதற்குச் சம்பளத் தேதி தள்ளிப்போவதும், உயர்வு முதலாளியின் மனநிலையைப் பொறுத்து அமைவதும் அதே அளவு காரணம். இன்னொன்று, புதிதாக வருபவரைச் சந்தை விலைக்கு எடுக்கும்போது அதே வேலையில் பல வருடம் இருப்பவரைவிட அவருக்குக் கூடுதலாகப் போய்விடுகிறது. பன்னிரண்டு பேர் உள்ள அலுவலகத்தில் இது ரகசியமாக இருக்காது. புதியவரை எடுக்கும் மாதத்திலேயே பழையவரின் சம்பளத்தையும் சரிசெய்துவிடுவது நல்லது. அவர் போனபின் ஆள் தேடிப் பழக்கும் செலவு அந்த வித்தியாசத்தைவிடப் பல மடங்கு.

பெரிய இடத்திலும் பொறி உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு கிரேடுக்கும், அதாவது பதவிப் படிக்கும், சம்பளத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதன் அருகிலேயே சேர்பவருக்கு அடுத்த பதவி உயர்வு வரை பெயருக்குத்தான் உயர்வு கிடைக்கும். 'என் கிரேடில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன்' என்று மனிதவளத் துறையிடம் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிட வேண்டும்.

சம்பளப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகர்