தம்பி கார் விஷயமாக

உ
சிவமயம்

ஹூஸ்டன்

அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும்,

இங்கு நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். ஆத்தா கொடுத்துவிட்ட சீப்புச் சீடை போன வாரம்தான் தீர்ந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு மனசில்லாமல் கழுவி வைத்தோம்.

தம்பி பெரிய கார் வாங்கப் பாதிப் பணம் கேட்டிருக்கிறான். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எங்கள் பக்கத்து வீட்டு வண்டிதான் ஞாபகம் வந்தது.

இங்கே பிக்கப் டிரக் என்று ஒரு சாதி வண்டி. முன்னால் குடும்பமே உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் மூக்கு என் நெஞ்சு உயரம். சின்னவள் அதன் முன்னால் நின்றால் ஓட்டுகிறவருக்குத் தலைகூடத் தெரியாது. அவர் கிளம்பும் நேரம் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறோம். ஒருநாள் என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். கோயில் யானை மேல் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தேன். வாங்கி வந்தது ஒரு கேன் பால், இரண்டு ரொட்டி. தொட்டியை எட்டிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. செங்கல் ஏற்றி நசுங்கிப்போன நம்மூர் டாட்டா ஏஸ் பார்த்த கண்ணுக்கு அது பூஜை அறை மாதிரி இருந்தது.

இந்த வண்டிகள் பெருத்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், 1975ல் அமெரிக்க அரசாங்கத்தார் கார்களுக்கு இத்தனை மைலேஜ் வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். சுமை வண்டிகளுக்கு மட்டும் விதியைத் தளர்த்திவிட்டார்கள், விவசாயிக்கும் கொத்தனாருக்கும் வேண்டுமே என்று. கம்பெனிகள் சும்மா இருக்குமா? சுமை வண்டிக்கே சொகுசு சீட் போட்டுக் குடும்பத்துக்கு விற்றுவிட்டன.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டி லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுக்கும். வேலைக்குப் போய்வர 48 கிலோமீட்டர், ஆறு லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. "லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே, கணக்கு இடிக்கிறதே" என்பீர்கள். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது அப்பச்சி, அந்த எடைதான். ஆக, ஒருவர் ஆபீஸ் போய்வர நாளுக்குப் பதினாலு கிலோ.

மனுஷன் நல்லவர். 2017ல் ஹார்வி புயல் வெள்ளத்தில் இந்த மாதிரி வண்டிகள்தான் பலரைக் கரை சேர்த்தனவாம், அடுத்த வெள்ளத்துக்கு உதவும் என்றார். இந்தக் கரியமில வாயுவால் கடல் சூடாகச் சூடாகத்தான் மழையும் இப்படிக் கொட்டுகிறது என்று சொல்ல வாய் வந்தது. பால் வாங்கக் கூட்டிப்போனவரிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம், நான் மட்டும் யோக்கியமா? எங்கள் குடியிருப்பில் துணி காயப்போடக் கொடி கட்டக்கூடாது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கரண்டில் துணி காய்கிறது.

நம் வீட்டையும் நினைத்துக்கொண்டேன். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஐயா பர்மாவிலிருந்து கப்பலில் இறக்கிய தேக்குக்கு எத்தனை மரம் விழுந்ததோ! 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு பணம் வருவது நின்றது, தூண்கள் நின்றுவிட்டன. சாமான் அறையில் ஆத்தாவின் எனாமல் தூக்குகள் இன்னும் அடுக்குக் கலையவில்லை. கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் நிறைகிற வீடு, மற்ற நாளில் நீங்கள் இருவர். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளத்துக்கு வண்டி வைத்திருப்பதுபோல நாமும் கல்யாணத்துக்கு வீடு வைத்திருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டேன். ஆனாலும் வளவு முற்றத்தில் விழுகிற மழை அண்டாவில் நிறையும், சித்திரையிலும் பட்டாலைத் திண்ணையில் ஏசி இல்லாமல் படுக்கலாம். அதற்காகவாவது அந்த வீட்டை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தம்பி வாங்கச் சொல்லும் வண்டி நம் தெருமுனை திரும்புமா என்று முதலில் ஒரு கயிறு பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய்வர இருக்கிற காரே போதும். எல்லாரும் கூடும் நாளில் வேன் பிடித்துக்கொள்ளலாம்.

வளவு ஓடு ஒழுகுவதாக ஆத்தா போனில் சொன்னார்கள். அதற்கு என்ன ஆகும் என்று ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதுங்கள், பணம் அதற்கு அனுப்புகிறேன். தம்பியிடம் நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம், ஒரு மாசம் போனை எடுக்கமாட்டான்.

அன்புடன்,
உங்கள் மகன்