அந்த மைதானம் சும்மா கிடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை பற்றிய தங்கள் செய்தியில், பள்ளி வளாகத்தில் நெல் காயும் படத்தின் கீழ், "பயன்பாடின்றிக் கிடந்த கூடைப்பந்து மைதானம் விவசாயிகளுக்குக் கைகொடுக்கிறது" என்று போட்டிருந்தீர்கள். அது எங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானம். ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்படும் விவசாயியின் பாட்டை எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த ஒரு வரி எங்கள் ஊரில் பல வீடுகளை நோகடித்துவிட்டது.

படம் உச்சி வெயிலில் எடுத்தது என்று நிழலைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த நேரத்தில் சிமென்ட் தளத்தில் யார் ஆடுவார்கள்? காலை ஆறு மணிக்கும் மாலை நாலரைக்கும் வந்து பார்த்திருந்தால் அந்த வரியை எழுதக் கை வந்திருக்காது.

டெல்டாவில் ஐப்பசி முதல் மார்கழி வரை திறந்தவெளித் தளம் மழையிலும் பாசியிலும் கிடக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. தை பிறந்ததும்தான் ஆட்டம். பிளீச்சிங் பவுடர் தூவி, அரை மணி ஊறவிட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு நாள் காய்ந்த பிறகு கோடுகளை 5 செ.மீ. அகலத்தில் புதிதாகப் போட வேண்டும். கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் ஆகாது, பனி இறங்கினால் வழுக்கும். சாலைக்கோட்டுக்கு அடிக்கும் பெயின்ட்தான் சரி. காலையில் பனி நனைத்த தளத்தைச் சாக்கு இழுத்துத் துடைத்த பின்பே பந்தை எடுப்பார்கள். மதிய வெயிலில் காற்றடித்து வைத்த பந்து விடியற்காலைக் குளிரில் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இறங்கியிருக்கும். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் உச்சி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழுகிறதா என்று பார்த்து, மறுபடி காற்றடிப்பார்கள். இத்தனையும் செய்கிறவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். இவர்கள் மைதானத்தையா பயன்பாடின்றிக் கிடந்தது என்கிறீர்கள்?

மே மாதம் பெரியகுளத்திலும் கரூரிலும் அகில இந்தியப் போட்டிகள். கோடையில்தான் அரசு விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வும். அதற்கெல்லாம் கால் பழகுவது தையிலும் மாசியிலும்தான். சரியாக அந்த வாரங்களில்தான் நெல்லும் வந்து இறங்குகிறது.

நெல் காய்ந்தால் தளத்துக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. தளம் நான்கு அங்குலக் கான்கிரீட். ஆட்கள் ஓடுவதற்குப் போட்டது, நெல் ஏற்றிய டிரெய்லர் ஏறுவதற்கு அல்ல. சக்கரம் ஓரத்தில் ஏறும்போது விளிம்பு உடைகிறது. அந்த வெடிப்பில் அடுத்த மழை இறங்கி, அடியில் மண்ணை அரித்து, தளத்தையே தாழ்த்திவிடுகிறது. நெல் வாரும் பலகையும் இரும்புச் சட்டியும் கோட்டைச் சுரண்டுகின்றன. வாரிய பிறகும் சுணையும் உமித்தூசியும் சிமென்ட் துளைகளில் தங்கிவிடுகின்றன. அதன்மேல் பனி இறங்கினால் சோப்பு போட்டது போல ஆகிவிடும். ஓடிவந்து கூடையில் பந்தைப் போடும் லே-அப்புக்கு ஒற்றைக்காலில் எம்பும் பிள்ளை வழுக்கினால் போவது முழங்கால். தார்ப்பாய்க்கு வைத்த கற்கள் அப்படியே கிடக்கும். தார்ப்பாய்க் கயிற்றைக் கூடையின் இரும்பு வளையமான ரிங்கில் கட்டி இழுப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. 3.05 மீட்டர் உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டிய ரிங், முன்பக்கம் இரண்டு செ.மீ. தொங்கினாலே பந்து வேறு திசையில் தெறிக்கும். அதில் பழகிய பிள்ளை நல்ல ரிங்கில் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) போடும்போது திணறிப் போகும்.

விவசாயிக்கு எதிராக எழுதுவதாக நினைத்துவிட வேண்டாம். ஆடும் பிள்ளைகளும் நெல் காயப்போடுபவர்களும் ஒரே வீட்டுக்காரர்கள். இயந்திரம் அறுத்த நெல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வருகிறது; கொள்முதலுக்கு 17 சதவீதம்தான் வரம்பு. தளர்வு கேட்டு ஒவ்வொரு பருவமும் டெல்லியை எதிர்பார்த்து நிற்கிறோம். ஆனால் கணக்கையும் பாருங்கள். ஆடுகளம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் விட்ட இடத்தையும் சேர்த்தால் 608 சதுர மீட்டர். நான்கு செ.மீ. கனத்தில் பரப்பினால் சுமார் 14 டன், அதாவது ஐந்தாறு ஏக்கர் நெல். மெல்லிசாகப் பரப்பி, அரை மணிக்கொரு தரம் கிளறாமல் விட்டால் சூடான சிமென்ட்டில் மணி வெடித்து, அரவையில் நொய்யாகப் போகும். ஒரு கிராமத்தின் அறுவடைக்கு இது எந்த மூலைக்கு? உலர்களம் கட்ட ஊரக வளர்ச்சித் துறையில் திட்டம் இருக்கிறது. ஊராட்சியில் புறம்போக்கு இருக்கிறது. "களம் எங்கே?" என்று கேட்டிருக்க வேண்டிய செய்தி, பிள்ளைகளின் இடத்தை எடுத்துக்கொடுத்ததைப் பாராட்டி முடிந்துவிட்டது.

இந்த மைதானம் இப்படி நடத்தப்படுவது முதல் முறையும் அல்ல. விழாப் பந்தலுக்குத் தளத்தைக் குடைந்து கால் நட்டார்கள். குழிகளை மண் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். வடக்கு தெற்காக அமைய வேண்டிய களத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டதால், மாலையில் ஒரு பக்கத்து அணிக்குச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டிய, கூடையைத் தாங்கும் கம்பத்தைக் கோட்டின் மேலேயே நட்டிருக்கிறார்கள். அதற்கு மெத்தை உறையும் இல்லை. இதில் ஒன்றாவது தங்கள் பக்கங்களில் வந்ததுண்டா? மாவட்டப் போட்டியில் பெண்கள் அணி வென்றால் இரண்டு வரி, அதுவும் கிரிக்கெட் போக இடம் மிஞ்சினால். 2021-இல் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது பெருமைப்பட்டு எழுதினோம். அவரைப் போல இன்னொருத்தி உருவாகத் தளம் வேண்டாமா?

எங்கள் ஊர் வீடுகளில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் கூடைப்பந்து அணியின் படம் மாட்டியிருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் மண் தரையில் ஆடிய காலத்துப் படங்கள். பொங்கலுக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு ஆடும் ஆட்டத்துக்கு அப்பாயிகள் பனங்கிழங்கு அவித்து எடுத்து வருவார்கள். அறுத்த வயலில் உளுந்து முளைவிட்டிருக்கும் அந்த நாட்களில்தான் அண்ணன் தங்கைக்குப் பந்தைத் தட்டி ஓட்டும் டிரிப்ளிங் சொல்லிக்கொடுப்பான். "பயன்பாடின்றி" என்ற வரியைப் படித்துவிட்டு அந்த வீடுகளில் பெரியவர்கள் பேசாமல் நாளிதழை மடித்து வைத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பட விளக்கத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். தங்கள் புகைப்படக்காரரை ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு அனுப்பி, அதே இடத்தை இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள். நெல் வாரிய பிறகு தளத்தைக் கழுவ ஒரு டேங்கர் தண்ணீர் ஊராட்சி தர வேண்டும், ரிங்கில் கயிறு கட்டக் கூடாது என்ற இரண்டையும் அதன் கீழ் ஒரு வரியாகச் சேர்த்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.